கன்னத்தைத் துடைத்தால் நீதி வந்துவிடுமா?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தேய்த்தால் போதும், விளையாட்டில் பெண் யார் என்ற வழக்கு முடிந்துவிடும் என்று உலகத் தடகள அமைப்பு 2025 ஜூலை 30 அன்று அறிவித்தது. குச்சியில், ஆண் வளர்ச்சிக்குக் கட்டளையிடும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு தட்டுப்படாவிட்டால் ஓடலாம். தட்டுப்பட்டால் விசாரணை. வாழ்நாளுக்கு ஒரே சோதனை. செப்டம்பர் 1 முதல் நடைமுறை. அதே மாதம் டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் அரங்கேற்றம். அமைப்பின் தலைவர் செபாஸ்டியன் கோ சொல்லும் நியாயம் கேட்பதற்கு இதமானது. பெண்கள் பிரிவைக் காக்க வேண்டும். பாலின அடையாளம் உயிரியலை மீற முடியாது. தடகளத்துக்கு வரும் பெண்ணுக்குத் தன் முன்னேற்றத்தை உயிரியல் தடுக்காது என்ற நம்பிக்கை வேண்டும்.

இதைத் தமிழில் வழிமொழிபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோவைவிடச் சுருக்கமாகப் பேசுவார்கள்: "மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?" கூடவே, "திருநங்கைகள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளையின் பதக்கத்தைப் பறிகொடுக்க முடியுமா?" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

முடியாதுதான். ஆனால் பறிக்க வந்தவர் யார் என்று முதலில் காட்டுங்கள்.

2023 மார்ச்சில் திருநங்கைகளைப் பெண்கள் பிரிவிலிருந்து உலகத் தடகள அமைப்பு விலக்கியது. அன்றைக்கே கோ ஒன்றை ஒப்புக்கொண்டார்: சர்வதேசத் தடகளத்தில் அப்போது ஒரு திருநங்கைகூடப் போட்டியிடவில்லை. 2025 அறிவிப்பிலும் இதே வாக்குமூலம் இருக்கிறது. ஏற்கெனவே போட்டியிடும் சிலருக்கு இடைக்கால விலக்கு தரும் பகுதியில், இது திருநங்கைகளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் உயர்மட்டத்தில் அப்படி எவரும் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லாத ஆட்டுக்குப் பட்டி கட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது? பட்டி கட்டியாகிவிட்டது, உள்ளே யாரையாவது அடைக்க வேண்டுமே. அடைபடுபவர்கள் பெண்ணாகப் பிறந்ததாக ஊரும் வீடும் பதிவேடும் சொல்லும் பெண்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க, ஆசியக் கிராமங்களிலிருந்து வந்த ஏழைப் பெண்கள். திருநங்கைகளைக் காட்டி மிரட்டிக் கொண்டுவந்த சட்டம் இவர்கள் தலையில் விழுகிறது. இது எதிர்பாராமல் நடந்த பிசகு இல்லை. அறுபது ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது.

புதிய அறிவியல் என்று விற்கப்படும் இந்தச் சரக்கின் வயதைப் பார்ப்போம். 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன்னால் ஆடையின்றி நடக்க வைத்தார்கள். அதில் தேறிய போலந்தின் ஈவா குளோபுகோவ்ஸ்கா, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடரோட்டத் தங்கம் வென்றவர், மறு வருடமே குரோமோசோம் சோதனையில் தோற்றதாகச் சொல்லி வெளியேற்றப்பட்டார். கண்ணால் பார்த்தபோது பெண், நுண்ணோக்கியில் பார்த்தபோது இல்லை. ஆடை களைவது அசிங்கம் என்று எதிர்ப்பு வந்ததும், 1968இல் ஒலிம்பிக் கமிட்டி நாகரிகமான மாற்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது என்ன தெரியுமா? கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் சோதனை!

பிறகு அதுவும் சரியில்லை என்று தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் தடகள அமைப்பே அதைக் கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி மட்டும் விடாமல், 1992இலிருந்து எஸ்.ஆர்.ஒய். மரபணுவைத் தேடும் முறைக்கு மாறியது. ஆம், இன்று 2025இன் கண்டுபிடிப்பாக மேடையேறியிருக்கும் அதே எஸ்.ஆர்.ஒய். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். எட்டுப் பேருக்கு அந்த மரபணு இருந்தது. விசாரித்துப் பார்த்து எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தார்கள். ஏழு பேருடைய உடல் ஆண் ஹார்மோனுக்கு முழுதாகவோ ஓரளவோ செவிசாய்க்காத உடல். எட்டாமவருக்கு வேறொரு பிறவி வேறுபாடு. அவருக்கு ஏற்கெனவே அறுவைச் சிகிச்சையும் ஆகியிருந்தது. ஆண் வேடதாரி ஒருவர்கூட இல்லை. 1999இல் சோதனையையே தூக்கிப் போட்டார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் அது இல்லாமலே நடந்தது. விளையாட்டு ஒன்றும் அழிந்துவிடவில்லை.

தோற்றுப்போன மருந்தைச் சீட்டு மாற்றி ஒட்டி மறுபடி விற்கிறார்கள். அதற்கு 'உயிரியல்' என்று பெயர் வேறு.

உயிரியல் என்ன சொல்கிறது என்பதை உயிரியலாளர்களிடமே கேட்கலாம். 1990இல் இந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சின்க்ளேர். இந்த அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் எதிர்ப்புத் தெரிவித்து எழுதினார். மரபணு இருக்கிறதா என்பதை மட்டுமே சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, விந்தகம் உருவானதா, டெஸ்டோஸ்டிரோன் சுரந்ததா, சுரந்ததை உடல் பயன்படுத்திக்கொண்டதா என்பதில் ஒன்றையும் சொல்லாது என்பது அவர் வாதம். கட்டளை பிறப்பித்தாயிற்று என்பதற்கும் உடல் அதற்குக் கீழ்ப்படிந்தது என்பதற்கும் நடுவே ஏகப்பட்ட படிகள். முதல் படியில் நின்றுகொண்டு தீர்ப்பு எழுதுகிறார்கள். ஹார்மோனுக்கு முற்றிலும் செவிசாய்க்காத உடலுள்ள பெண்ணுக்கு விலக்கு உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த வரியை எட்டுவதற்கு அந்தப் பெண் மரபணு, ரத்தம், ஸ்கேன், நேரடிப் பரிசோதனை எல்லாம் தாண்டித் தன்னை நிரூபிக்க வேண்டும். குற்றவாளிக்கூண்டில் ஏற்றிவிட்டு, நிரபராதி என்றால் விட்டுவிடுவோம் என்கிற தாராளம் இது.

பிரான்ஸில் மருத்துவம், ஆய்வு, நீதிமன்றத் தேவை தவிர வேறெதற்கும் ஒருவரின் மரபணுவைச் சோதிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. விளையாட்டு என்ற பெயரில் எதுவும் செய்யலாம் என்று எல்லா நாடும் நினைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

'மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை' என்கிற பழமொழிக்கு வருவோம். ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்டினெஸ் பட்டின்யோ 1983 ஹெல்சின்கி உலகச் சாம்பியன்ஷிப்பில் சோதனையில் தேறி, 'பெண்' என்று சான்றிதழே வாங்கியவர். 1985இல் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அந்தச் சான்றிதழை எடுத்துவர மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள். இந்த முறை தோல்வி. காலில் அடிபட்டதாக நடித்துவிட்டு ஒதுங்கிவிடு என்றார்கள், ஒதுங்கினார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் ஓடியதும் செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. உதவித்தொகை போயிற்று, சாதனைகள் அழிக்கப்பட்டன, மணக்க இருந்தவர் விலகிப்போனார். அவர் உடலுக்கு டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்தவே தெரியாது. அதனால் அவர் அடைந்த அனுகூலம் பூஜ்யம். போராடி 1988இல் திரும்பி வந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வாய்ப்பை விநாடியில் பத்தில் ஒரு பங்கில் இழந்தார். அவர் மடியில் என்ன கனம் இருந்தது? அவருக்கே தெரியாத ஒன்றை அவர் எங்கே ஒளித்து வைக்க முடியும்?

ஸ்பெயின் தூரம் என்றால் புதுக்கோட்டைக்கு வாருங்கள். கத்தக்குறிச்சி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் குடும்பம். சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. கஜகஸ்தானின் விக்டோரியா யாலோவ்ட்செவாவுக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடி, படத்தை உற்றுப் பார்த்துத்தான் யார் இரண்டாவது என்று முடிவு செய்தார்கள். அடுத்து பாலினச் சோதனை. என்ன சோதனை, எதற்கு, முடிவு என்ன என்று அவருக்குப் புரியும்படி உட்கார வைத்துப் பேச ஆளில்லை. ஆனால் தொலைக்காட்சிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஒரு பெண்ணின் உடல் ரகசியம் அவள் அறிவதற்கு முன்பாக ஊர் வாயில் விழுந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது, ஓட்டம் நின்றது. 2007இல் உயிரை விடவும் துணிந்தார். 2012இல் நாளைக்கு 200 ரூபாய்க்கு அவர் செங்கல் சூளையில் வேலை செய்த செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது, தலைகுனிந்ததோடு சரி. பின்னால் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, தமிழக அரசின் தடகளப் பயிற்சியாளராக ஆனது அவர் நெஞ்சுரம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு துளி உண்டென்றால், பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்தபடி 15 லட்ச ரூபாயைக் கொடுத்ததுதான்.

அந்த நேரத்தை இன்னொரு முறை பார்க்கலாம். 2:03.16. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கெல்லி ஹோம்ஸ் தங்கம் வென்ற நேரம் 1:56.38. ஏறத்தாழ ஏழு விநாடி. 800 மீட்டரில் ஏழு விநாடி என்பது திரையில் தெரியாத தூரம். 1983இல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவா ஓடிய 1:53.28 உலகச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. பாலின விதிகளால் பின்னாளில் தடுக்கப்பட்ட காஸ்டர் செமென்யாவும் தொடவில்லை. அவருடைய மிகச்சிறந்த நேரம் 1:54.25. கோ பிரபுவுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை. 1981இல் 1:41.73 ஓடி உலகச் சாதனை படைத்த 800 மீட்டர்க்காரர் அவர். ஆண் உடலின் அனுகூலம் எவ்வளவு என்று தன் காலாலேயே அளந்தவர். தன் நேரத்துக்கும் சாந்தியின் நேரத்துக்கும் நடுவே இருபத்தொரு விநாடிக்கு மேல் கிடப்பது அவர் கண்ணில் படாதா?

இங்கேதான் எதிர்த்தரப்பு தன் வலுவான சீட்டை இறக்கும். அதை மறைத்துவிட்டு வாதாடுவது அழகில்லை. 2016 ரியோ ஒலிம்பிக் 800 மீட்டரில் மேடையேறிய மூவர்: தென்னாப்பிரிக்காவின் செமென்யா, புருண்டியின் பிரான்சின் நியோன்சாபா, கென்யாவின் மார்கரெட் வாம்புயி. பிற்பாடு வந்த டெஸ்டோஸ்டிரோன் விதிகளால் மூவருமே 800 மீட்டரை இழந்தார்கள். ஒரே ஓட்டத்தில் மூன்று பதக்கமும் இப்படிப் போனால் மற்றப் பெண்களுக்கு வருத்தம் வராதா? வரும். நான்காவதாக வந்த கனடாவின் மெலிசா பிஷப்பின் கண்ணீரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆண்-பெண் செயல்திறனில் 10 முதல் 12 சதவீதம் இடைவெளி இருக்கிறது என்பதையும், அந்த இடைவெளியால்தான் பெண்கள் பிரிவு என்று ஒன்று வேண்டியிருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. பிரிவுக்கு எல்லை வேண்டும். கேள்வி, எல்லைக்கல்லை எதை அளந்து நடுகிறீர்கள் என்பதுதான்.

இதை ஒரு நடுவர் மன்றமே கேட்டது. ஒடிஷாவின் ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் மகள் தூத்தி சந்த் 2014இல் ஹார்மோன் அளவு கூடுதல் என்று காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் விலக்கப்பட்டார். சாந்திக்குக் கிடைக்காத ஆதரவு அவருக்குக் கிடைத்தது, வழக்கறிஞர்களும் கிடைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். 2015இல் மன்றம் அந்த ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான 10-12 சதவீத வித்தியாசம் பிரிவை நியாயப்படுத்தலாம். ஆனால் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்ணுக்கு அதனால் கிடைக்கும் அனுகூலம் 1 முதல் 3 சதவீதத்தைத் தாண்டுவதாக நீங்கள் நிரூபிக்கவில்லையே என்றது மன்றம். சான்றோடு வாருங்கள் என்று இரண்டாண்டு அவகாசம் கொடுத்தது.

சான்று வந்தது. அந்தச் சான்றின் கதை இருக்கிறதே! தடகள அமைப்பின் சொந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் கூடினால் பெரிய பலன் என்று தெரிந்த போட்டி சங்கிலிக் குண்டு எறிதல், 4.53 சதவீதம். அடுத்தது கம்பூன்றித் தாண்டுதல், 2.94. 800 மீட்டரில் வெறும் 1.78. சரி, அப்படியானால் 2018 விதி எதைக் கட்டுப்படுத்தியது? 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களை. சங்கிலிக் குண்டு எறிதலும் கம்பூன்றித் தாண்டுதலும் பட்டியலில் இல்லை. ஆய்வு எந்தப் பலனும் காட்டாத 1,500 மீட்டர் பட்டியலில் இருந்தது. செமென்யா எந்த ஓட்டங்களை ஓடினார் என்று பார்த்தால் இந்தக் கணக்கின் சூத்திரம் விளங்கும். 2021இல் அதே ஆய்விதழில் அதே ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள்: எங்கள் முடிவுகள் காரண காரியத் தொடர்பைக் காட்டுவதாகப் பொருள்கொள்ள இடம் தந்துவிட்டன, அப்படிக் கொள்ளக் கூடாது என்ற பொருளில். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்த பிறகு அச்சுப்பிழை போலத் திருத்தம் போடுகிறார்கள்.

அந்த ரியோ ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்த போலந்து வீராங்கனை, தான் முதல் ஐரோப்பியர், இரண்டாவது வெள்ளைக்காரர் என்பதில் மகிழ்ச்சி என்று பேசினார். கோவின் சட்டத்தை அவர் பேச்சோடு ஒட்டவைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சந்தேகம் யார் உடம்பின் மேல் போய் விழுகிறது என்று கேட்பவர்களுக்கு அவர் வாய்தவறிச் சொல்லிக்கொடுத்துவிட்டார். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பாலினச் சோதனைக்கு உட்படாத ஒரே வீராங்கனை பிரிட்டன் இளவரசி ஆன். அரண்மனையில் பிறந்தவருக்குக் குரோமோசோமும் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்படும் போலிருக்கிறது.

இப்போது திருநங்கைகள். கோவின் ஆதரவாளர்கள் இங்கே பேச ஆசைப்படுவதைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆண் பருவ வளர்ச்சி முடிந்த பிறகு ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் எல்லாம் சமமாகிவிடும் என்பது உண்மையல்ல. அமெரிக்க விமானப்படையினரின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு ஆண்டுச் சிகிச்சைக்குப் பிறகும் திருநங்கைகள் மற்றப் பெண்களைவிட ஓட்டத்தில் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். அதே ஆய்வில் தண்டால் போன்ற பயிற்சிகளில் வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓட்டம் வேறு, குறிபார்த்துச் சுடுவது வேறு, பளுதூக்குவது வேறு. உச்சப் போட்டிகளில் சிலவற்றில் கட்டுப்பாடு தேவைப்படலாம். அதை அந்தந்த விளையாட்டின் தரவைக் கொண்டு, பருவமடைந்த பிறகு மாறியவரா முன்பே மாறியவரா என்று பார்த்து முடிவு செய்யட்டும். நான் எதிர்ப்பது கட்டுப்பாட்டை அல்ல, பூச்சாண்டியை.

பூச்சாண்டி எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் திருநங்கை லாரல் ஹப்பார்ட் பளுதூக்கலில் இறங்கியபோது பெண்கள் விளையாட்டின் சாவுமணி என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அவர் ஸ்னாட்ச் முறையில் மூன்று முயற்சியிலும் தூக்க முடியாமல் வெளியேறினார். சாவுமணி அடித்தவர்கள் மணியை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் செனட்டில் சொன்ன கணக்கு: 5,10,000 வீரர்களில் தமக்குத் தெரிந்த திருநர்கள் பத்துக்கும் குறைவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபை 'ஆண்' என்றும் 'திருநங்கை' என்றும் தலைவர்கள் முதல் எழுத்தாளர்கள் வரை ஏசினார்கள். அவர் திருநங்கையே அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகப் பதிவாகி, பெண்ணாக வளர்ந்தவர் என்று ஒலிம்பிக் கமிட்டி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2021 டோக்கியோவில் அவரே காலிறுதியில் தோற்றபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தோற்கும் வரை பெண், ஜெயித்தால் மட்டும் ஆண்.

ஆண்கள் பெண் வேடமிட்டு வந்துவிடுவார்கள் என்ற பழைய புராணத்துக்கும் ஆதாரமாக எப்போதும் ஒரே பெயர்தான் வரும்: 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பெண்கள் உயரத் தாண்டுதலில் நான்காவதாக வந்த டோரா ராட்யன். நாஜிகள் ஓர் ஆணைப் பெண்ணாக அனுப்பினார்கள் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009இல் ஜெர்மானிய இதழ் 'டேர் ஷ்பீகல்' பழைய ஆவணங்களைத் தோண்டியபோது தெரிந்தது வேறு. பிறப்பில் உறுப்பு தெளிவாக இல்லாததால் பெண் என்று மருத்துவச்சி சொல்ல, பெண்ணாகவே வளர்க்கப்பட்டவர் அவர். அவரும் ஊடுபால் பிறவியாக இருந்திருக்கலாம். எண்பது ஆண்டுப் பூச்சாண்டிக்குக் கிடைத்த ஒரே முகமும் வேடதாரி இல்லை.

"சரி, தனிப் பிரிவு வைத்துவிடலாமே" என்பார்கள் அடுத்து; கனிவாகப் பேசுகிறவர்களுக்குப் பிடித்த தீர்வு இது. உலக நீச்சல் அமைப்பு வைத்துப் பார்த்தது. 2023இல் பெர்லின் உலகக் கோப்பையில் 'திறந்த பிரிவு' அறிவித்தது. ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. பிரிவு நடக்கவே இல்லை. ஊர் பார்க்க நெற்றியில் சீட்டு ஒட்டிக்கொண்டு நீந்த யார் வருவார்?

சோதனையால் யாருக்கும் கெடுதல் இல்லை என்கிறார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. 2013இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த, 18 முதல் 21 வயதுக்குள் நான்கு வீராங்கனைகள். அவர்கள் உடலுக்குள் இருந்த சுரப்பிகளை விட்டுவைத்தால் உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை என்று மருத்துவர்களே எழுதுகிறார்கள். ஆனாலும் அகற்றினார்கள். கூடவே அந்தரங்க உறுப்பின் ஒரு பகுதியையும் வெட்டினார்கள். ஓட்ட நேரத்துக்கும் அந்த உறுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பயிற்சியாளராவது விளக்கட்டும். உகாண்டாவின் ஆனெட் நெகேசா 2012இல் தனக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி 2019இல் பகிரங்கமாகப் பேசினார். தனக்குப் பங்கில்லை என்கிறது தடகள அமைப்பு. பங்கில்லாமல் இருக்கலாம், இப்படி ஒரு விதி இருந்திராவிட்டால் அந்தப் பெண் அறுவை மேசையில் படுத்திருக்க வேண்டிய காரணம் என்ன?

நீதிமன்றமும் பார்த்தது. 2018 விதிக்கு எதிரான செமென்யாவின் முறையீட்டைச் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உரிய ஆழத்தோடு பரிசீலிக்கவில்லை, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை 15க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தேதி 2025 ஜூலை 10. சரியாக இருபது நாள் கழித்துப் பஞ்சுக் குச்சி அறிவிப்பு. பழைய விதியைக் கேள்வி கேட்டவருக்கு ஒழுங்கான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பு வந்த மை உலர்வதற்குள், அதைவிடக் கடுமையான விதி.

உச்சியில் எழுதும் சட்டம் உச்சியோடு நிற்காது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2022இல் திருநங்கை மாணவியரைத் தடுக்கும் மசோதா வந்தது. அந்த மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், ஒரு கணக்கைச் சொல்லி அதை நிராகரித்தார்: 75,000 உயர்நிலைப் பள்ளி வீரர்களில் திருநர் நால்வர், அவர்களில் பெண்கள் பிரிவில் விளையாடுபவர் ஒருவர். சட்டமன்றம் அவரை மீறி மசோதாவை நிறைவேற்றியது. சில மாதத்திலேயே, ஒரு போட்டியில் இரண்டாவது மூன்றாவது வந்த பிள்ளைகளின் பெற்றோர், முதலில் வந்த சிறுமி மேல் புகார் கொடுத்தார்கள். விளையாட்டுச் சங்கம் அவள் குடும்பத்துக்கே தெரியாமல் பாலர் வகுப்பு வரை பள்ளிப் பதிவுகளைத் தோண்டியது. எல்லாவற்றிலும் 'பெண்' என்றே இருந்தது. அவள் செய்த தவறு, மற்ற இரண்டு பிள்ளைகளை ஜெயித்தது.

நம் குறுவட்டப் போட்டிகளிலும் முதலமைச்சர் கோப்பையிலும் ஓடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முடி கட்டையாக வெட்டிய, தோள் அகன்ற, குரல் தடித்த பெண்பிள்ளை ஜெயித்தால் கோட்டுக்கு வெளியே 'பையன் மாதிரி இருக்காளே' என்ற பேச்சு இன்றே எழுகிறது. இன்று அது வெறும் பேச்சு. கோவின் ஆதரவாளர்கள் விரும்பும் தமிழ்நாட்டில் அது மனுவாகும். மனு வந்தால் எட்டாம் வகுப்புச் சிறுமியின் கன்னத்தில் குச்சி வைப்பது யார், உடற்கல்வி ஆசிரியரா, வட்டாரக் கல்வி அலுவலரா? அந்த முடிவுத் தாளை யார் படிப்பார்கள், எந்த அலமாரியில் வைப்பார்கள், எந்த வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே அது சுற்றும்? பூப்பு வராத மகளை ஏற்கெனவே ஊர் ஒரு மாதிரி பார்க்கும் வீட்டில், அந்தத் தாளோடு அவள் அம்மா என்ன செய்வாள்? 2006இல் பன்னாட்டுக் கமிட்டியும் மருத்துவர் குழுவும் இருந்த இடத்திலேயே ஒரு பெண்ணின் ரகசியத்தைக் காக்க முடியவில்லை. அதை ஒன்றியத்து மைதானத்தில் காப்பாற்றிவிடுவோம் என்பவர்கள், எப்படி என்று எழுதட்டும். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.